சும்மா இருட்டு

எங்கள் வீட்டில் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்காதீர்கள். கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வேன்.

போன வருடம் பள்ளியிலிருந்து எங்களை ஒரு சினிமா ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அங்கே நான் தொண்டை கிழியக் கத்தினேன் என்பதை மட்டும்தான் வீட்டில் சொல்ல முடிந்தது. மீதியைச் சொல்வதற்குள் அம்மா என் வாயைப் பொத்திவிட்டார்.

"தம்பி ஒருநாள் போய் அவனே பாக்கட்டும். நீ கொஞ்சம் சும்மா இரு."

"நானும் போய்க் கத்தணும்" என்று அன்றைக்குப் பிடித்த பிடியைத் தம்பி விடவே இல்லை. ஒரு வருடம் நச்சரித்தான். இந்த விடுமுறையில் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டுடியோவைச் சுற்றிக்காட்ட, போன வருடம் நான் போன அதே நீள வண்டி. பக்கமெல்லாம் திறந்திருக்கும். முதல் வரிசையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில் மைக்கோடு ஒரு வழிகாட்டி அக்கா நின்றார்.

"இன்னைக்குத்தான் எனக்கு முதல் நாள். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க" என்றார். கடைசி வரிசையில் ஸ்டுடியோ மேலாளர், மூக்கில் கண்ணாடியும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு மதிப்பெண் போட வந்திருந்தார்.

முதலில் ஒரு தெரு வந்தது. கடைகள், ஜன்னல்கள், ஜன்னலில் பூந்தொட்டிகள்.

"இந்த வீடுகள்ல யாரு இருக்காங்க தெரியுமா? கொஞ்சம் பொறுங்க..." என்று அக்கா இழுத்தார்.

என் வாய் பொறுக்குமா?

"வீடே கிடையாது. முன்பக்கம் மட்டும்தான். பின்னாடி கட்டையை வச்சு முட்டுக் கொடுத்திருக்காங்க" என்றேன்.

வண்டி திரும்பியது. நான் சொன்னபடியே வெறும் பலகைகள் நின்றன. பின் வரிசையில் தொப்பி போட்டிருந்த ஒரு மாமா, "பாப்பாவுக்கு எல்லாம் அத்துப்படி போல" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வளைவிலேயே, "இப்ப மழை வரும் மாமா. மேல குழாய் இருக்கு, பாருங்க. நம்ம மேல ஒரு சொட்டுகூட விழாது" என்றேன்.

அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. இடி இடித்து மழை கொட்டியபோது எல்லோரும் அண்ணாந்து குழாயை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "ஐயையோ, மழை வந்துடுச்சே" என்று அக்கா மனப்பாடம் செய்ததைச் சொன்னார். யாரும் நனையவும் இல்லை, பயப்படவும் இல்லை.

தண்ணீர் குடிக்க வண்டி பத்து நிமிடம் நின்றது. தம்பி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா? நல்லா இல்லையா?"

"நீ கத்தினேன்னு சொன்னியே."

"ஆமா. மழைக்கு ஒரு தடவை, இன்னொரு இடத்துல ஒரு தடவை."

"நான் எப்பக்கா கத்துறது?"

ரேடியோ முதல் தடவையாக நின்றுபோனது.

தண்ணீர் பிடிக்கப் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் மேலாளரின் குரல் கேட்டது.

"வண்டியில ஒரு சத்தமும் இல்லையேம்மா. கடைசி இடத்துலயும் இப்படித்தான்னா, நாளையிலேர்ந்து நீங்க டிக்கெட் கிழிக்கப் போயிடுங்க. பேசுற வேலை உங்களுக்கு வராது."

அக்கா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால், "நான் இன்னும் நல்லா சொல்லியிருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

செய்தது நான், திட்டு வாங்குவது அவரா? தம்பியின் ஒரு வருடக் காத்திருப்பையும் நானே தின்று தீர்த்திருந்தேன்.

வண்டி மறுபடி கிளம்பி, ஒரு குகையின் வாசலில் நின்றது. உள்ளே கும்மிருட்டு.

"பாப்பா, இங்க என்ன வரும்? முன்னாடியே சொல்லிடு" என்றார் தொப்பி மாமா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்காவும் மைக்கை இறக்கிவிட்டுப் பார்த்தார். இடது பக்கம். பெரிய பாறை. உருண்டு வரும். வெறும் ஸ்பாஞ்ச். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"இங்கயா? சும்மா இருட்டு மாமா. போன தடவை நான் தூங்கியே போயிட்டேன்" என்று ஒரு கொட்டாவி விட்டேன். "ஆனா அக்கா ஒரு கதை சொல்லுவாங்க. அதைக் கேளுங்க."

அக்கா என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இந்தக் குகைக்குள்ள படம் எடுத்தப்போ, திடீர்னு எல்லா விளக்கும் அணைஞ்சுபோச்சு" என்று மெதுவாக ஆரம்பித்தார். வண்டி உள்ளே நகர்ந்தது. "அப்ப மேலேர்ந்து ஒரு சின்னக் கல் விழுந்துச்சு. டக். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. டக்."

தம்பி என் கையை இறுக்கிப் பிடித்தான். நான் நிம்மதியாக இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறை வந்தது. வலது பக்கத்திலிருந்து.

தம்பி கத்தினான். தொப்பி மாமா கத்தியதில் தொப்பி எங்கேயோ பறந்தது. கடைசி வரிசையிலிருந்து, "ஐயோ அம்மா" என்று மேலாளர் அலறினார். ஆனால் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது நான்தான்.

விளக்கு எரிந்தது. என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பாறை நின்றது. வண்டி முழுக்க ஒரே சிரிப்பு.

வண்டி குகைக்கு வெளியே வந்து நின்றதும், மேலாளர் விழுந்த பேனாவைத் தேடி எடுத்தார். "நாளைக்கும் இதே வண்டிதாம்மா உங்களுக்கு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிப் போனார்.

நான் அக்காவிடம் போய், "இடது பக்கம்தானேக்கா வரும்?" என்று கிசுகிசுத்தேன்.

"போன மாசம்தான் மாத்தினாங்க" என்று சிரித்தார். பிறகு என் தோளைத் தட்டி, "நல்லா தூங்கினீங்க" என்றார்.

"அம்மா, நான் கத்தினது கேட்டுச்சா?" என்று தம்பி மூன்று தடவை கேட்டான்.

"வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார் அம்மா.

வெளியே வரும் வழியில் அடுத்த வண்டிக்கு வரிசை நின்றது. தம்பியின் வயதுள்ள ஒரு பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள என்ன இருக்கு?"

தம்பியின் வாய் திறந்தது. கண்கள் விரிந்தன. போச்சு, எங்கள் வீட்டில் இரண்டாவது ரேடியோ என்று நினைத்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். வாயை மூடினான். பிறகு ஒரு பெரிய கொட்டாவி விட்டான்.

"ஒண்ணும் இல்ல. சும்மா இருட்டு."