தோளில் வந்த வண்டிக்கொட்டகை

வண்டிக்கொட்டகை கனக்கவில்லை. முதல் கோளாறே அதுதான்.

விக்டோரியா ராணி காலத்தில் பெரும்பெரும் மரங்களைப் போட்டுக் கட்டிய குதிரைவண்டிக் கொட்டகை அது. அடியில் மூங்கில்களைக் கட்டி, வீட்டையே தூக்கி இடம் மாற்றுகிற ஊர் வழக்கப்படி, கம்போங் கிராமத்து ஆண்கள் அத்தனை பேரும் தோள் கொடுத்து அப்படியே தூக்கியிருந்தார்கள். கொட்டகை நின்ற கெலுகோர் பங்களாவை வாங்கிய புது முதலாளி, பொழுது சாய்வதற்குள் எடுக்காவிட்டால் கொளுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தான். குதிரைக்காரன் மனைவியாய் அதில் குடிவந்து, அவன் மவுத்தான பிறகும் அங்கேயே கிடக்கிற நூர்ஜானுக்கு அதை விட்டால் வேறு கூரை கிடையாது. கொளுத்துவானாம்! அவன் அப்பன் வந்தாலும் நடக்காது என்று முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

"என்னலா இது, பஞ்சு மாதிரி வருது?" என்றார் முன்மூங்கிலைப் பிடித்திருந்த காஜா மொய்தீன்.

"வந்தா நல்லதுதானே அண்ணே, நடங்க" என்றாள் நூர்ஜான்.

மழைக்கு முந்திய புழுக்கத்தில் தென்னை ஓலை அசையவில்லை. காலையில்தான் அவள் கழுவிச் சாம்பிராணி போட்ட கொட்டகைக்குள்ளிருந்து வைக்கோல் வாடையும் தோல்வார் வாடையும் வியர்வைச் சூட்டோடு வீசின. ஆண்களின் காலடிகளுக்கு நடுவே, சேற்றில் அழுந்தி அழுந்திப் பிடுங்குகிற வேறொரு கனத்த சத்தமும் கூடவே வந்தது. குனிந்து பார்த்தாள். குளம்புத் தடங்கள். ஈரம் காயாதவை.

காஜா மொய்தீனும் பார்த்துவிட்டார். "குதிரைங்கள பழைய தொரை சுட்டுப் பொதச்சிட்டாரேம்மா..."

"பொதச்சா பொதச்சதுதான். நடங்க!"

வேலியோரம், கொட்டகையை வைக்க அவள் பார்த்து வைத்திருந்த காலி மனை வந்தது. இறக்கச் சொன்னாள். ஆண்கள் குனிந்தார்கள். மூங்கில்கள் தாழவில்லை. தோள்கள் விலகின. கொட்டகை நின்றது. இடுப்புயரத்தில். யாரும் பிடிக்காமல்.

கண்மூடித் திறப்பதற்குள் சாலையில் ஆளில்லை.

"தங்கச்சி, ஓடி வாம்மா!" தூரத்தில் காஜா மொய்தீனின் குரல்.

ஓடினால் எங்கே படுப்பாள்? வாசற்படியைப் பற்றி ஏறி, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"இது என் வீடு. நான் எறங்க மாட்டேன். எறங்குறதுன்னா நீ எறங்கு!"

கொட்டகை மெல்லத் திரும்பியது. பங்களாப் பக்கம்.

அடியிலிருந்து குதிரையின் சூடான மூச்சு. ஈரமூக்கு ஒன்று உள்ளங்காலை முகர்ந்தது. பிறகு பற்கள்.

நூர்ஜான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மற்றக் காலைத் தேடி இன்னொரு மூக்கு வந்தது.