திருடன் விட்டுப்போன கேஸ் சிலிண்டர்

வியாழன், காலை 7.10.

பதினாலாம் எண் இடம் காலியாகக் கிடந்தது. நேற்று மாலை வரை டெஸா வாங்கிய கேரவன் அங்கே நின்றது. காரின் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடு. வயது இருபத்தெட்டு, விலை எழுநூறு பவுண்ட், ஒரு மூலையில் கூரை ஒழுகும். இப்போது நனைந்த புல்லில் அறுபட்ட பூட்டும் ஒரு கேஸ் சிலிண்டரும்தான் மிச்சம்.

டெஸா முதியோர் இல்லத்தில் துணி துவைப்பவள். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தாள்.

"சனிக்கிழமை மதியத்துக்குள்ள வாடகை அறையைக் காலி பண்ணணும், மியூரியல். நானும் ஈடியும் எங்க போவோம்?"

மகள் ஈடிக்கு ஆறு வயது. கையிலிருந்த பணமெல்லாம் அந்தக் கேரவனில் போயிருந்தது.

மியூரியல் கிரிம்ஷா யார்க்ஷயர் கடலோரத்தில் கேரவன்கள் நிறுத்தும் அந்த முகாமின் பொறுப்பாளர். முன்னாள் போலீஸ் சார்ஜன்ட். வேலை ஓய்வு பெற்றுவிட்டது, மூக்கு பெறவில்லை. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. திருகு இறுக்கி மூடியிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"நேத்து. ஹீட்டரும் சேத்து. திடீர்னு வேலைக்குக் கூப்பிடலன்னா ராத்திரியே படுத்திருப்போம்."

"யார்கிட்ட சொன்ன?"

"பக்கத்து கிளைவ்கிட்ட. கேரவன வித்த நாரிஸ்கிட்டயும் போன்ல சொன்னேன். புதுக் கார்ப்பெட்டு, தரையிலேர்ந்து துளி காத்து வரல, கொடுத்து வச்சவ நான்னு சொன்னேன்.  பாவம், பாப்பாவும் அதுலதான் படுக்குமான்னு ரெண்டு தடவ கேட்டார்."

காலை 7.40.

பதினைந்தாம் எண் கிளைவ் டன்னக், பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவன். அதே கேரவனை வாங்க ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்க் கோட்டை விட்டவன்.

"ராத்திரி எங்க இருந்த, கிளைவ்?"

"குறட்டைல."

"உன் கட்டிங் மிஷின்?"

"கார்ல இருக்கு, பாத்துக்க. அந்த ஓட்டை வண்டிமேல எனக்கு ஆசைதான். அதுக்காகத் திருடி என் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்க எனக்கென்ன பைத்தியமா?"

"திருடன் வந்தா இங்க மொதல்ல எதைத் தூக்குவான்?"

கிளைவ் யோசிக்கவே இல்லை. "சிலிண்டரத்தான். வித்தா யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க."

மியூரியல் அங்கேயே நின்றாள். ஞாயிறன்று சேற்றுச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அந்தக் கேரவனுக்குள் டெஸா ஃபிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடித்தது நினைவுக்கு வந்தது. வெளியே கடற்காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வெறுங்கால் கதகதவென்று இருந்தது. அவள் கார்ச் சாவியை எடுத்தாள்.

"வண்டில ஏறு, டெஸா."

காலை 9.30.

நாரிஸ் ஆப்பிள்கார்த்தின் கொட்டகைக்குப் பின்னால் கேரவன் நின்றது. புதுக் கார்ப்பெட் சுருட்டி வெளியே கிடந்தது. உள்ளே நாரிஸ் முட்டி போட்டுத் தரைப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அந்த முகாமின் எல்லாக் கேரவனிலும் கேஸ் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவர் அவர்.

"போலீசக் கூப்பிடு, மியூரியல்," என்றார் திரும்பாமலே.

"மொதல்ல இவளுக்குத் தெரியட்டும்." மியூரியல் டெஸாவின் தோளைப் பிடித்தாள். "திருடன் நிறைஞ்ச சிலிண்டர விட்டுட்டுப் போகமாட்டான், கண்ணு. கேஸுக்குப் பயந்து இந்த ஆளுதான் அதைக் கழட்டி, மூடி, தள்ளி வச்சுட்டு வந்திருக்கார். எந்தக் கேரவன் தரையிலும் வலை போட்ட ஓட்டை இருக்கும். கசியற கேஸ் காத்தவிட கனம். கீழ இறங்கி அது வழியாத்தான் வெளிய போகும். ஓட்டைய அடைச்சா உள்ளயே தேங்கி ஆளையே கொன்னுடும். அந்த ஓட்டைல வர்ற காத்தாலதான் நம்ம கால் எப்பவும் சில்லிட்டுக் கிடக்கும். உன் வண்டில என் கால் கதகதன்னு இருந்துது. டீயும் குடிச்சு பிஸ்கட்டும் தின்னுட்டுப் பேசாம வந்தேன் பாரு, எனக்கு ஒரு சார்ஜன்ட் பட்டம்."

நாரிஸ் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"தரை உளுத்திருந்துது. அதை மறைக்கக் கார்ப்பெட்ட ஒட்டினேன். காத்து ஓட்டையும் அதுக்கு அடில மூடிப்போச்சுன்னு தோணவே இல்ல. துளி காத்து வரலன்னு நீ சிரிச்சுகிட்டே சொன்னப்ப எனக்கு உசுரே போச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். இந்த வாய் வரல. ராத்திரி பூரா பொரண்டுட்டு விடியறதுக்கு முன்னால ஓடி வந்து கதவத் தட்டினேன். பதில் இல்ல. டார்ச் அடிச்சா கட்டில் காலி. அங்கயே உக்காந்து அழுதேன். அப்புறம், யாருக்கும் தெரியாம சரி பண்ணிடலாம்னு..."

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை மூடி மறைக்கப் போனதுதான் நாரிஸின் குற்றம். திட்ட வந்த மியூரியலுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி சோதிக்கும் தகுதி தனக்கில்லை என்பதுபோல் அவர் தன் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

டெஸா கீழே கிடந்த ரம்பத்தை எடுத்து நாரிஸிடம் நீட்டினாள்.

"நாளைக்குள்ள முடிச்சுக் கொண்டுவந்து நிறுத்துங்க," என்றாள். "முடிச்சா போலீஸ் வேண்டாம். ஆனா மொத ராத்திரி நீங்க படுக்கணும். ஜன்னலெல்லாம் சாத்திட்டு, ஹீட்டர் போட்டுகிட்டு. காலைல நீங்க எழுந்தா என் பொண்ணக் கூட்டிட்டு வரேன்."

"சரிம்மா," என்றார் நாரிஸ்.

சனி, காலை 7.00.

பதினாலாம் இடத்தில் கேரவன் நின்றது. மியூரியல் கதவைத் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி தட்டினாள். டெஸா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூக்கு சிவந்து நாரிஸ் நின்றார்.

"பொட்டுத் தூக்கமில்ல. தரையிலேர்ந்து ஊதுது பாரு காத்து, ரெண்டு காலும் விறைச்சுப் போச்சு."

டெஸா உள்ளே போய் மண்டியிட்டு, தரையில் புதிதாகப் போட்டிருந்த வலைமேல் உள்ளங்கையை வைத்தாள். கடற்காற்று சில்லென்று ஏறியது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஈடிக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுவிடணும்," என்றாள்.