வலது முட்டியில் கட்டிய காந்தம்

அன்று காலை எழிலரசியின் அடுப்பில் நொச்சி இலை வதங்கவில்லை.

வடக்குப்பட்டில் அந்த வீட்டுக்கு அந்த வாசனையில்தான் பொழுது விடியும். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது, இங்கே இரும்புச் சட்டியில் விளக்கெண்ணெய் காய்ந்து நொச்சி இலையும் கல்லுப்பும் படபடவென்று பொரியும். அதைத் துணியில் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு, மாமியாரின் கட்டிலருகே மண்டி போட்டு உட்காருவாள் எழிலரசி. இன்று காபி டம்ளரை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாடி, ஒத்தடம் இல்லியா?" என்றாள் காமாட்சியம்மாள்.

"எதுக்கு அத்த? அதான் காந்தம் கீதே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் காமாட்சியம்மாளை நிமிர்ந்து பார்க்க வைத்தது. மூத்த மருமகள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

எல்லாம் முந்தின நாள் நடந்ததன் பலன். வீட்டின் இளைய மருமகள் சண்முகப்ரியா ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவள். அதோடு காந்த சிகிச்சை வியாபாரத்திலும் சேர்ந்திருந்தாள். காந்த பெல்ட், காந்தத் தலையணை, காந்த மெத்தை என்று மாடி அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். ஊரை ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி வந்த மணிக்கட்டு வலி காந்த வளையல் போட்ட பிறகுதான் போனது என்று மனசார நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசுவாள். நேற்று மாமியாரையே பேச வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் எழிலரசி டீ ட்ரேயோடு வாசற்படியில் நின்றாள்.

"எம் பெரிய மருமவ வேலைய வுட்டுட்டு, எலைய வதக்கினு, எண்ணெய தடவினு, சும்மா ஒக்காந்து தின்னுனு கீறா," என்று காமாட்சியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பிரயோஜனம் இல்ல. சின்னவ வாங்கியாந்த காந்தம்தான் என்ன நடக்க வெச்சுது."

பெண்களும் சிரித்தார்கள். எழிலரசி ஒவ்வொருத்தியின் முன்னாலும் குனிந்து டீ கொடுத்தாள். டம்ளரை எடுத்த ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சண்முகப்ரியா பார்த்தாள். பார்த்துவிட்டு, கையிலிருந்த பெல்ட்டைத் தூக்கிக் காட்டிப் பேச்சைத் தொடர்ந்தாள்.

சும்மா உட்கார்ந்து தின்கிறவளாம்! தெருமுனைக்கு பஸ் அனுப்பும் அந்தக் கம்பெனியில், ஒயர் கட்டும் லைனில் கை வேகத்துக்குப் பேர் வாங்கியவள் எழிலரசி. அடுத்து அவளைத்தான் லைன் லீடர் ஆக்குவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் காமாட்சியம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஏற்கெனவே தேய்ந்திருந்த இரண்டு முட்டியும் வீங்கிப் படுக்கையில் கிடந்தாள். "அம்மாவ யாரு பாக்கறது?" என்று கணவன் தேவராஜன் கேட்டான். கேட்டது இவளை மட்டும்தான். தம்பி ரகுவையோ அவன் பெண்டாட்டியையோ கேட்கவில்லை. எழிலரசி அழுதுகொண்டே யூனிபாரத்தைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

தேய்ந்த எலும்பு வளராது என்று அரசு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சூடு கொடுத்தால் இறுகிப்போனது இளகும், இளகினதும் காலை நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும், தினமும் கொஞ்சம் நடக்க வைக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். காந்தத்தைப் பற்றியும் எழிலரசி கேட்டிருந்தாள். காந்தம் கட்டி முட்டி வலி போனதற்கு ஆதாரம் கிடையாது என்று அவர் சொன்னதை, சின்னவள் மனசு நோகுமே என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இலையை வதக்கி ஒத்தினாள், காலை நீட்டி மடக்கினாள், தோளில் சாய்த்துக்கொண்டு தெருக்கோடிவரை நடத்திக் கூட்டி வந்தாள்.

பெல்ட் வந்த பிறகு அதைக் கட்டிவிடும் வேலையும் இவள் தலையில்தான் விழுந்தது, ஏனென்றால் சண்முகப்ரியாவுக்குக் காலையில் கிளம்பவே நேரம் போதாது. ஒத்தடம் கொடுத்துச் சூடு ஆறுவதற்குள் அந்தத் தடிமனான பெல்ட்டை முட்டிமேல் இறுக்கிக் கட்டிவிடுவாள். சூடு உள்ளேயே நிற்கும்.

"பாத்தியா, கட்டின ஒடனே எப்டி சூடு ஏறுது. காந்தம்னா காந்தம்தான்," என்பாள் மாமியார்.

எழிலரசி சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். அந்தச் சிரிப்புதான் தன் வாழ்க்கையைக் கெடுத்தது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

ஒத்தடம் நின்றது. சமையல், வெந்நீர், டாக்டர் கொடுத்த மாத்திரை எதிலும் குறை வைக்கவில்லை. அவள் கை மட்டும் அந்த முட்டியைத் தொடவில்லை. சில நாட்களிலேயே காமாட்சியம்மாள் மறுபடி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். பெல்ட்டில் சூடே ஏறவில்லை என்று புலம்பினாள். பெல்ட் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று சண்முகப்ரியா பெட்டியைப் பிரித்துப் புதிதாக ஒன்று கட்டினாள். அதுவும் சில்லென்றே கிடந்தது.

உள்ளறையிலிருந்து "அப்பா... முருகா..." என்று முனகல் கேட்கும்போதெல்லாம், அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் எழிலரசிக்கு உள்ளுக்குள் தித்தித்தது. அவள் அதை நினைத்து வெட்கப்படவில்லை. இரக்கமும் வந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. வரும்போதெல்லாம் அந்த டீ ட்ரேயை நினைத்துக்கொள்வாள். இரக்கம் வந்த வழியே போய்விடும்.

இதற்கிடையில் படப்பையில் கல்யாண மண்டபம் பிடித்துப் பெரிய கூட்டம் ஏற்பாடானது. சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். காமாட்சியம்மாள் தானே படியேறி மேடைக்கு வந்து, காந்தத்தால் நடப்பதாகச் சொல்ல வேண்டும். அன்று காலை, மை தீட்டிய கண்களோடு சண்முகப்ரியா அடுக்களைக்கு வந்து நின்றாள்.

"அக்கா... இன்னிக்கி ஒரு நாளு மட்டும் அந்த ஒத்தடத்த குடுத்துடுக்கா. அத்த மேடையேறணும்."

எழிலரசியின் கை நின்றது. "அப்போ ஒனக்குத் தெரிஞ்சிருக்குது."

"சத்தியமா முன்ன தெரியாதுக்கா. நீ நிறுத்தினப்புறம்தான் சந்தேகம் வந்துது." குனிந்த தலை நிமிரவில்லை. "என் மானம் போயிடும்க்கா."

என் மானம் போனபோது நீ பெல்ட்டைத் தூக்கிக் காட்டினாயே என்று நாக்கு நுனிவரை வந்தது. எழிலரசி அதை விழுங்கினாள்.

"மண்டபத்துலயே குடுக்கறேன். அப்பதான் சூடு நிக்கும்," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதைச் சண்முகப்ரியா யோசித்திருக்க வேண்டும்.

மண்டபத்துச் சமையற்கட்டில் சட்டி காய்ந்தது. மணமகள் அறையில் மாமியாரை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, இடது முட்டிக்கு மட்டும் நிதானமாக ஒத்தி எடுத்து, காலை நீட்டி மடக்கினாள். பிறகு பெல்ட்டை வலது முட்டியில் இறுக்கிக் கட்டினாள்.

"இந்தக் காலுக்கு ஒத்தடம்?" என்றாள் காமாட்சியம்மாள்.

"அதுக்குக் காந்தம் அத்த. ஆளுக்கொரு காலு, நாயமா இருக்கட்டும்."

மேடையேறும் பரபரப்பில் காமாட்சியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. பட்டுப்புடவையை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்தாள். எழிலரசி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வடக்குப்பட்டிலிருந்து வேனில் வந்த பெண்கள் முன் வரிசையில் இருந்தார்கள், அன்று டீ குடித்த அதே பெண்கள்.

மேடைப்படியில் இடது கால் லகுவாக ஏறியது. வலது காலைக் கையால் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்த பெரிய ஆட்களில் ஒருவரான கோட்டுப் போட்ட சுப்பராயன் மைக்கை நீட்டி, எந்தக் காலில் வலி போனது, அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுங்கள் என்றார். காமாட்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி ஆட்டினாள். கைதட்டல் எழுந்தது. பெல்ட்டையும் பார்க்கட்டும் என்று சொல்லிச் சண்முகப்ரியா பெருமையாகக் குனிந்து புடவையை முட்டிவரை விலக்கினாள்.

அங்கே பெல்ட் இல்லை.

"பெல்ட்டு அந்தக் கால்ல கீது!" என்று முன் வரிசையில் ஒருத்தி சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. ஒரு காலில் கட்டினால் ரத்தம் வழியாக மறு காலுக்கும் சக்தி போகும் என்று சுப்பராயன் சமாளித்துப் பார்த்தார். காமாட்சியம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு முட்டிகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். ஒன்று சூடு, ஒன்று சில்லிப்பு. பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"இருய்யா. காந்தம் கட்டின காலு வெறகு மாரி கீது. சூடா கீற காலுல காந்தமே இல்ல. எம் பெரிய மருமவ கை பட்ட காலு இது." குரல் உடைந்தது. "தெனமும் நான் காந்தச் சூடுன்னு சொன்னதெல்லாம் அவ கைச் சூடு. அவளத்தான் சும்மா ஒக்காந்து தின்றான்னு நாலு பேரு முன்னாடி சொன்னேன்... என் வாய்ல புழு வெக்க."

முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எழிலரசி ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து சண்முகப்ரியா மை கரையக் கரைய அழுதாள். "வேணும்னே பண்ணியாக்கா?"

"ஆமா. வேணும்னேதான்." எழிலரசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கி நான் ட்ரேயோட நின்னப்ப நீ ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னிக்கி இது நடந்திருக்காது."

"தப்புதான்க்கா..." என்று அவள் எழிலரசியின் தோளில் சாய்ந்தாள். எழிலரசி தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த முதுகில் அவள் கை போனது.

காமாட்சியம்மாள் கட்டிலிலிருந்து கூப்பிட்டு, அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் சூடுபட்டுக் காய்த்த தழும்பு. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விசும்பினாள். நாளைக்கு ஒத்தடம் உண்டா என்று கேட்க வாய் வரவில்லை.

"ஒத்தடம் உண்டு அத்த," என்றாள் எழிலரசி. "நான் குடுக்க மாட்டேன். பழைய சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். நாளைலேர்ந்து முதல் ஷிப்டு."

"அம்மாவ யாரு பாக்கறது?" என்றான் தேவராஜன், பழைய கேள்வியை.

"நீங்க. உங்க தம்பி. அவரு பொண்டாட்டி. இந்த வூட்ல இத்தினி பேரு கீறீங்களே."



மறுநாள் காலை சட்டியில் நொச்சி பொரிந்தது. யூனிபாரம் போட்ட எழிலரசி மூட்டையைக் கட்டிச் சண்முகப்ரியாவின் கையில் வைத்தாள். அவள் துள்ளிக் கீழே போட்டாள்.

"சுடுதுக்கா..."

"சுடும்."

எழிலரசி அதை எடுத்துத் தூசு தட்டி மறுபடி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, மேலே தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். தேவைக்குமேல் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தாள். சண்முகப்ரியாவின் கண் கலங்கியது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. எழிலரசி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினாள்.

"வலது கால்லேர்ந்து ஆரம்பி," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "நேத்து அதுக்கு நான் குடுக்கல."