ஒரு கட்டைவிரல் இடம்

ஞாயிறு மாலை. கிள்ளான்.

லோகேஸ்வரி படிக்கட்டுத் திருப்பத்தில் மல்லாந்து கிடந்தாள். பின்மண்டையில் அடி. காலில் சாம்பல் நிறச் சப்பாத்து. நாடா இறுக்கமாகக் கட்டியிருந்தது.

பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பிய கணவர் கமலநாதன்தான் முதலில் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியிலிருந்த அவர்கள் வீட்டிலிருந்து, கூடவே வசிக்கும் அவருடைய அக்கா தங்கமணி ஓடி வந்தார்.

“நடக்கப் போறேன்னு இப்பதாண்டா கிளம்புனா! அந்தப் பாழாப்போன சப்பாத்து வழுக்கி விட்ருச்சுடா!”

அன்றிரவு போலீஸ் எழுதிக்கொண்டதும் ஏறக்குறைய அதுவேதான். சப்பாத்து ஈரமாக இருந்தது. படி வழவழப்பு. விபத்து.

*

அந்தச் சப்பாத்தை விற்றவள் தாமரை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அவள் கடை. வெறுங்கால் சப்பாத்து மட்டும்தான் விற்பாள். குதிகால் உயரம் கிடையாது. அடித்தோல் மெல்லியது, கையால் சுருட்டிவிடலாம். முன்பக்கம் விரல்கள் விரிந்து நிற்கும் அளவுக்கு அகலம். உடலியக்க அறிவியல் படித்தவள். ஆள்களிடம் பேசத்தான் கூச்சம், கால்களிடம் கிடையாது. வருகிறவரை மாலையில் வரச் சொல்வாள், கால் அப்போதுதான் முழுதாக விரிந்திருக்கும். தாளின் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவாள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விடுவாள்.

லோகேஸ்வரியின் பாதக்கோடு இன்னும் சுவரில் இருந்தது. அதை எடுக்கத் தாமரைக்குக் கை வரவில்லை.

செய்தி வந்த நாளிலிருந்து கடைப் படிக்கட்டில் ஒரு சத்தம். குதிகால் இடிக்காமல், பூனை மாதிரி முழுப் பாதத்தையும் வைத்து ஏறும் சத்தம். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த நடை. கதவு வரை வரும். நிற்கும். திறந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அளவு தப்பிப் போயிருக்குமோ? இடம் அதிகமாக விட்டுவிட்டேனோ? முனை மடங்கித்தான் விழுந்தாளோ? அப்படியென்றால் கொன்றது நான்தானே?

கண்ணை மூடினால் அந்தப் பென்சில் பாதம் படியில் இறங்கியது.

*

வியாழக்கிழமை துக்கம் கேட்கக் கிள்ளானுக்குப் போனாள்.

நுழைந்ததும் கூடம். தீட்டு வீடு என்பதால் சாமி மேடையைத் திரை போட்டு மூடியிருந்தார்கள். விளக்கு ஏற்றவில்லை. வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

கமலநாதன் நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தாம்மா கழுவுனேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம். அவளுக்கு ஸ்கூல் வேல, அதனால சப்பாத்து கழுவுறது எப்பவும் நான்தான். மெஷின்ல போடாம, கையால, மெதுவா. நீங்க சொன்ன மாதிரியே.”

“ஈரம் உறிஞ்ச உள்ளே பேப்பர் வச்சீங்களாண்ணே?”

“வச்சேனே. முனைக்குச் சின்ன உருண்டை, வாய்க்குப் பெரிய உருண்டை. வெயில்ல வச்சா பசை விட்டுரும்னீங்க. வாசல்ல, நிழல்லதான் வச்சேன். காஞ்சிருக்காது, இன்னிக்கு நடக்கப் போகாதன்னு சொல்லிட்டுத்தான் போனேன். கேக்கலையே. ஈரச் சப்பாத்து… நான் கழுவாம விட்டிருந்தா…”

இவரும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

தங்கமணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“அந்தச் சப்பாத்து இன்னும் போலீஸ்லதான் இருக்கு. வந்ததும் கொளுத்தணும். அதுல ஏதோ இருக்கும்மா. ராத்திரியெல்லாம் வாசல்ல நடக்குது.”

“எனக்கும் கேக்குது ஆன்டி,” என்றாள் தாமரை. சொல்ல நினைத்திருக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

தங்கமணியின் முகம் வெளுத்தது.

அப்போது கூரைக் காற்றாடியின் காற்றில் திரை ஒரு பக்கம் விலகியது. சட்டம் போட்ட படங்களுக்கு நடுவே சட்டமில்லாத ஒரு தாள். பத்திரிகையில் வரும் வண்ண முருகன் படம். கசக்கி, மறுபடி நீவி விட்டதுபோலத் தாள் முழுக்கச் சுருக்கம். கீழ்ப்பகுதி கிழிந்திருந்தது. முருகனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

“அங்க பாக்காதம்மா, தீட்டு.” தங்கமணி எழுந்து போய்த் திரையை இழுத்து விட்டார்.

*

வெள்ளி மதியம். கடைப் படிக்கட்டில் சத்தம். தாமரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது.

கனமான பூட்ஸ். இன்ஸ்பெக்டர் சுகுமாறன். கையில் பிளாஸ்டிக் உறை.

“என்னா மிஸ், பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க? அவ்வளவு கறுப்பா நான்?”

அவளால் சிரிக்க முடியவில்லை.

“ஃபைல மூடப் போறேன். அந்த அக்கா தங்கமணி ஒரு புகார் குடுத்திருக்காங்க. நீங்க தப்பான சைஸ் வித்தீங்கன்னு. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன். பெரிசா வித்தீங்களா?”

“தெரியல சார். பாத்தா சொல்லிடுவேன்.”

“எப்படி?”

“உள்தோல்ல விரல் பதிஞ்சிருக்கும்.”

அவர் உறையைப் பிரித்துக் கொடுத்தார். சப்பாத்து காய்ந்து விறைத்திருந்தது. வலது சப்பாத்தின் உள்தோலை உருவினாள். ஓராண்டு நடை அதில் ஐந்து விரல்களாகக் கறுத்துப் பதிந்திருந்தது. பெருவிரல் தடத்துக்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்தாள். மிகச் சரியாகப் பொருந்தியது.

கண் நிறைந்தது. “அளவு சரி சார்.”

“நல்லதாப் போச்சு. அப்ப நான்—”

“இன்னொண்ணையும் பாத்துடறேனே.”

இடதுக்குள் கையை விட்டாள். விரல் நுனியில் ஏதோ இடறியது. காகிதம். அப்பளம்போல நசுங்கி முனையில் ஒட்டியிருந்தது. மெதுவாக வெளியே எடுத்தாள்.

“காய வைக்கிற பேப்பர் சார். முனையில வைக்கிற சின்ன உருண்டை.”

“எடுக்க மறந்திருப்பாங்க லா.”

“இதோட ஒரு அடி நடக்க முடியாது சார். லோகேஸ்வரிக்கு சாக்ஸ்ல ஒரு மடிப்பு விழுந்தாலே ஆகாது. ஒருநாள் ஒரு நூல் முடிச்சுக்காகக் கிள்ளான்லேர்ந்து ரயில் ஏறி வந்தா. அவளா போட்டிருந்தா வாசல்லயே கழட்டியிருப்பா.”

சுகுமாறன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சாதாரணச் சப்பாத்துன்னா முனை குறுகல். உள்ளே பேப்பர் இருந்தா கால் நுழையாது, போட்டு விடறவங்களுக்கும் தெரிஞ்சிடும். இது அகலம். நான் விட்ட இடத்துல இது அடங்கிப்போச்சு. உள்ளே போன காலுக்கும் வலிக்கல.”

“வலிக்கலன்னா?”

தாமரை திரும்பினாள். சுவரிலிருந்த பென்சில் பாதத்தைப் பார்த்தாள்.

“வீட்டுக்குள்ள வெறுங்காலோட விழுந்து நினைவில்லாம கெடந்திருக்காங்க,” என்றார் அவர் மெல்ல. “நடக்கப் போன மாதிரி காட்டணும்னு யாரோ மாட்டி விட்டிருக்காங்க. பேப்பர் வச்சது புருஷன். பாசாருக்குப் போனேங்குறது கதை. எழுந்திரிங்க மிஸ், கிள்ளான் போவோம்.”

அவள் எழவில்லை. நசுங்கிய காகிதத்தை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள். வழவழப்பான வண்ணத் தாள். மயிலின் நகங்கள் தெரிந்தன. அதன்மேல் தண்டை அணிந்த இரண்டு சின்னப் பாதங்கள்.

நேற்றுத் திரை விலகியபோது பார்த்த, முழங்காலுக்குக் கீழே கிழிந்த முருகன் கண்முன் வந்தார்.

“அவர் இல்ல சார்,” என்றாள்.

*

கிள்ளான் வீட்டில் விளக்குப் போடாமல் இருந்தார்கள். தங்கமணி சுவரோரம் தரையில். கமலநாதன் அதே நாற்காலியில்.

“மிஸ்டர் கமலநாதன், சப்பாத்துல எத்தனை உருண்டை வச்சீங்க?” என்றார் சுகுமாறன்.

“ஒவ்வொண்ணுலயும் ரெண்டு.”

“என்ன பேப்பர்?”

“காலையில வந்ததுதான் சார். கையில கெடைச்சதக் கிழிச்சேன். என்ன இருந்துச்சுன்னு பாக்கல.”

இன்ஸ்பெக்டர் தாமரையைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

“வச்சவருக்கு ரெண்டு இருக்குன்னு தெரியும். அவர் எடுத்திருந்தா ரெண்டையும் எடுத்திருப்பார். எடுத்தவங்களுக்குக் கண்ணுக்குத் தெரிஞ்ச பெரிய உருண்டை மட்டும்தான் தெரியும். வலதுல சின்னதும் கூடவே வந்துடுச்சு. இடதுல மாட்டிக்கிச்சு.”

தங்கமணி நிமிரவில்லை.

“எடுத்த தாளைக் குப்பையில போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது ஆன்டி. பிரிச்சுப் பாத்தீங்க. சாமி முகம். அந்த நேரத்துலயும் உங்களால அதக் குப்பையில போட முடியல.”

சுகுமாறன் திரையை விலக்கினார். கையிலிருந்த துண்டைக் கிழிந்த ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தார். முருகன் மயில்மேல் தன் கால்களில் நின்றார்.

ஐந்து நாளாக அந்தப் படம் அங்கேயே இருந்திருக்கிறது. தீட்டு வீட்டில் சாமியை யார் தொடுவார்கள்?

“சப்பாத்துல சாமியத் திணிச்சிருந்தான் பாவி,” என்றார் தங்கமணி. மிகவும் சாதாரணமாக, தம்பியைக் கடிந்துகொள்வதுபோல. “கண்ணுல ஒத்திக்கிட்டு வச்சேன்.”

“அக்கா?” கமலநாதன் எழுந்தார்.

“சுங்கை வேயில வீடு பாத்தாச்சுன்னு சொன்னாடா. நீங்க ரெண்டு பேரும் போறீங்க, நான் இங்கயே இருக்கணுமாம். சமையலறையில வச்சு, சிரிச்சுக்கிட்டே சொன்னா. தோளப் பிடிச்சுத் தள்ளுனேன், அவ்வளவுதான். அடுப்பு மேடை முனையில மண்டை பட்டுச்சு. கூப்பிட்டேன். பேசல.”

கமலநாதன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“வாசல்லயே படி. இழுத்துக்கிட்டுப் போறது கஷ்டமா இல்ல. சப்பாத்து போடறதுதான்…” தங்கமணி தன் கைகளை மடியில் கவிழ்த்துக்கொண்டார். “கால் சூடா இருந்துச்சும்மா. நாடா கட்டுற வரைக்கும் சூடாத்தான் இருந்துச்சு.”

சுகுமாறன் அவரைக் கைப்பிடித்து எழுப்பினார். அவர் மறுக்கவில்லை. தன் சிலிப்பரைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். திருப்பத்தில் மட்டும், கழுவிவிட்ட அந்த இடத்தை மிதிக்காமல், சுவரைப் பிடித்துச் சுற்றிப் போனார்.

கமலநாதன் வாசலிலேயே நின்றார். தாமரையிடம் கேட்டார்.

“அப்ப… நான் கழுவுனதால இல்லையாம்மா?”

“இல்லண்ணே.”

“நீங்க குடுத்த அளவாலயும் இல்ல.”

“இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். காலியாக இருந்த சப்பாத்துத் தட்டைத் தடவினார்.

மாலை தாமரை கடைக்குத் திரும்பினாள். சுவரிலிருந்து பென்சில் பாதத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படிக்கட்டில் சத்தம் வந்தது. பூனைநடை. கதவு வரை வந்து நின்றது.

இந்த முறை அவள் எழுந்து பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அந்தக் காலடிகள் மெல்ல, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போயின.