நடு சீட்டுக்காரர்

மாடி அறையில் விமானத்தின் வாசனை அடித்தது.

சித்தீக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடம் வளைகுடாவில் விமானம் துடைத்த மூக்கு, எதை மோந்தாலும் அதுதான் அடிக்கும் என்று படுத்தே கிடந்தான். ஆனால் ஊருக்கு வந்த அன்றைக்கே அவனுடைய உடுப்பு, பை, செருப்பு எல்லாவற்றையும் மனைவி ரசீதா கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாள். கீழே அவள் தெளிப்பது பினாயில். இது வேறு. பயணிகள் இறங்கிய பிறகு, தலைமுதல் கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடையைப் போட்டுக்கொண்டு, சீட்டுகளிலும் கைப்பிடிகளிலும் பெல்ட்டுகளிலும் அவனும் கூட வேலை பார்த்தவர்களும் அடித்த மருந்தின் வாசனை, ஆஸ்பத்திரியும் அழுகிய எலுமிச்சையும் கலந்து நாக்கின் அடியில் கசக்கும் வாசனை. அது ஜன்னல் வழியாக வரவில்லை. கட்டிலில், அவனுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பயப்படக்கூட அலுப்பாக இருந்தது. கொரோனா வந்த நாளிலிருந்தே உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. வேலை போனதும் அப்படித்தான், சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்ததும் அப்படித்தான்.

வீட்டு முகப்பில் நகராட்சிக்காரர்கள் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சங்கரன்கோவில் ஊரே வாயை மூடிக்கொண்டு கிடந்தது. தெருவில் விசைத்தறிகள் நின்றுபோனதால், ஆடிக் காற்று ஓட்டுக்கூரையில் உரசுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. படிக்கட்டுக் கதவை ரசீதா கீழிருந்து பூட்டி வைத்திருந்தாள். பூட்டாவிட்டால் ஃபஹீமா ஏறி வந்துவிடுவாள். அவளை இரண்டு வயதில் விட்டுப்போனது. இப்போது ஐந்து வயது. வந்த பிறகு இன்னும் அவள் மேல் விரல்கூடப் படவில்லை.

கீழ்க் கூடத்துக்கு வெளிச்சம் விழ, மாடித் தரையில் இரும்புக் கம்பி அழி ஒன்று பதித்திருந்தது. அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் மகளோடு பேசுவான். நேரம் போகவேண்டுமே என்று விமான விளையாட்டையும் அவனே சொல்லிக் கொடுத்தான். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னல் சீட்டில் பொம்மை. இந்த ஓரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபஹீமா. இடுப்பில் உம்மாவின் துப்பட்டா, அதுதான் பெல்ட்.

"நடுவுல யாரு வாப்பா?"

"நடுவுல யாரும் உக்காரக் கூடாது மக்கா. கொரோனால்லா. காலி சீட்டுல பெல்ட்ட மட்டும் பெருக்கல் குறி மாதிரி போட்டு வையி."

அவள் சிரத்தையாக இன்னொரு துப்பட்டாவை நடு நாற்காலியில் குறுக்கும் மறுக்குமாகப் போட்டாள். பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"பூட்டத் தொறந்தப்புறம் நான் ஒங்க தோள்ல சாஞ்சு உக்காந்துக்கிடலாமா?"

"எம்புட்டு நேரம் வேணும்னாலும் உக்காந்துக்கோ."

அந்த ஒன்றுக்காகத்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இரவு போய் விடிந்தும் வாசனை போகவில்லை. கட்டிலின் அந்தப் பக்கத்து மெத்தை சற்றே பள்ளமாக இருந்தது. கையால் நீவிவிட்டான். பஞ்சு மெல்ல எழும்பியது. ரசீதா படியில் வைத்துவிட்டுப் பூட்டிப் போன சோற்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மறுபடியும் பள்ளம்.

அப்போதுதான் விமானத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. அவனுக்கு ஜன்னல் சீட். ஓரத்தில் ஒரு மலையாளிப் பெரியவர். நடு சீட் காலி. விமானம் தரையிறங்கிய பிறகு, வரிசை வரிசையாகக் கூப்பிடும்போதுதான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சித்தீக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தான். காதோரம் ஒரு குரல் கேட்டது.

"அப்ப வாரேன் மக்கா."

நம்மூர்ப் பேச்சு. மூன்று வருடமாகக் காது ஏங்கிக் கிடந்த பேச்சு. கண்ணைத் திறக்காமலே, மனம் குளிர்ந்துபோய், "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். கண்ணைத் திறந்தபோது பெரியவர் எழுந்து வெகுதூரம் முன்னால் போயிருந்தார். நடு சீட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது, ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் இருக்கும் அளவுக்கு, இறுக்கமாக. பழக்க தோஷம், அவன் கை தானாகப் போய் அதைக் கழற்றியது. டக். குறுக்கும் மறுக்குமாகப் போட்டுவிட்டு இறங்கினான்.

கட்டிலில் இருந்தபடியே ரசீதாவுக்குப் போன் போட்டான்.

"யாராச்சும் வாரேன்னு சொன்னா, வாங்கன்னு சொல்லாத."

"என்ன மச்சான் சொல்லுதிய?" அவள் சிரித்துவிட்டாள். "வந்தவுக வாரேன்னு கெளம்பினா வாங்கன்னுதான் சொல்லணும். போங்கன்னா சொல்லுவாக? புள்ளைக்கே அதத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். வாய் நெறைய வாங்கன்னு சொல்லுவா."

"அவளயும் சொல்ல வேண்டாம்னு சொல்லு ரசீதா."

சிரிப்பு நின்றது. "காய்ச்சல் அடிக்கா மச்சான்?"

"இல்ல."

"சரி, சொல்லிருதேன். நாளைக்குப் பூட்டத் தொறந்திரலாம். ஒத்தையிலயே கெடந்து கெடந்து ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல. படுங்க."

ஒத்தையில். அவன் பக்கத்து மெத்தையைப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கொல்லைக் குழாயில் தண்ணீர் வந்து, ரசீதா மோட்டாரைப் போட்டுவிட்டுக் குடங்களோடு நின்றாள். கூடத்தில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம், ஃபஹீமா விமானத்தைத் தயார் செய்கிறாள். அறையில் வாசனை கண்ணைக் கரித்தது. மெத்தைப் பள்ளம் அவன் இடுப்பை ஒட்டி வந்துவிட்டிருந்தது, அவனும் அதை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தான். ஆறடி தள்ளி நில், ஆறடி தள்ளி நில் என்று ஊருக்கெல்லாம் சொன்ன காலத்தில், இது ஒன்றுக்கு மட்டும் இடைவெளி தெரியவில்லை.

நாளைக்குக் கதவு திறக்கும். இதையும் கூட்டிக்கொண்டா கீழே போவது?

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அவன் பரம்பரையில் யாரும் சொல்லாத சொல். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மகளை நினைத்துக்கொண்டு சொன்னான்.

"போ."

ஒன்றும் அசையவில்லை.

"போயிரு. திரும்ப வராத."

மெத்தை எழும்பியது. மெதுவாக. யாரோ முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருப்பது போல. வாசனை கட்டிலைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. கதவருகே நின்றது.

"அப்ப வாரேன் மக்கா."

அதே குரல். அதே பிரியம்.

சித்தீக் உதட்டைக் கடித்துக்கொண்டான். ரத்தம் உப்புக் கரித்தது. வாங்க என்று சொல்லவில்லை.

வாசனை போய்விட்டது.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுவது போல உடம்பெல்லாம் குத்தியது. நாளைக்கு மகளைத் தூக்கலாம். தோளில் சாய்த்துக்கொள்ளலாம்.

படிக்கட்டில் ஒரு சத்தம்.

இறங்குகிற சத்தம்.

பூட்டிய கதவு. அது திறக்கவில்லை. சத்தம் மட்டும் அதைத் தாண்டிப் போனது.

கூடத்தில் அந்தக் குரல், குழந்தைகளிடம் பேசுவதுபோல இறங்கி, "வாரேன்" என்றது.

"ஃபஹீமா!" என்று கத்தினான். மோட்டார் இரைச்சலில் அது கீழே எட்டவில்லை.

அந்த இரைச்சலைத் தாண்டி மகளின் குரல் கேட்டது. தெளிவாக. மரியாதையாக. வாய் நிறைய.

"வாங்க."

அழியின் மேல் விழுந்தான். கம்பி கன்னத்தில் பதிந்தது. கீழே மூன்று நாற்காலிகள். பொம்மை. ஃபஹீமா. நடுவில் பெருக்கல் குறியாகக் கிடந்த துப்பட்டா.

அது எழுந்தது.

ஒன்றுமில்லாத ஒன்றைச் சுற்றி வளைந்தது. முடிச்சு விழுந்தது. இறுகியது.

டக்.

"நீங்க ஏன் மாஸ்க் போடல?" என்று ஃபஹீமா கேட்டாள். பதிலைக் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்தாள். "நானும் கழத்தணுமா? சரி."

கதவுக்கு ஓடினான். உதைத்தான். தோளால் இடித்தான். பூட்டு. திரும்ப அழிக்கு வந்தான்.

ஃபஹீமா மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். நாற்காலியை இழுத்து நடு நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள். அவள் தலை வெறும் காற்றில், ஒரு தோள் இருக்க வேண்டிய உயரத்தில், விழாமல் நின்றது. கண்கள் மெல்ல மூடின.