கீழ் அரணில் டூட்டி

என் கான்ட்ராக்டில் மலை ஏறும் வேலை இல்லை. ஆனால் வளைகுடாவில் கான்ட்ராக்டில் இல்லாத வேலைதானே முதலில் வந்து சேரும்! எழுபத்து நாலில் ஓமானின் தெற்கு மலைகளில் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலைக் காவல்முகாமில் சமையல் பார்த்த கீழக்கரை சதக்கத்துல்லாவுக்குக் காய்ச்சல் என்றதும், "சோலையப்பா, யல்லா, கிளம்பு" என்று சலாலாவிலிருந்து என்னை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மழைக்காலம். நடுப்பகலிலும் மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய், துவைக்காத காலுறை எல்லாம் சேர்ந்த ஒரு வாடைதான் முகாம் வந்துவிட்டதென்று சொன்னது.

"வாங்க தம்பி. மெதுவாப் பேசுங்க," என்றார் சதக்கத்துல்லா, போர்வைக்குள்ளிருந்து.

அங்கே சத்தம் கூடாது. எங்கள் சிப்பாய்கள் சிலரைப் போலவே எதிரியும் அந்த மலைக்காரன்தான், அதே பேச்சு. பனிக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது அண்ணனா எதிரியா என்று தெரியாது. சில சமயம் இரண்டும் ஒருவனேதான். அதனால் கற்களை அடுக்கிய ஒவ்வொரு காவல் அரணிலிருந்தும் சமையல் கூடாரத்துக் கம்புக்கு ஒரு கயிறு வந்தது. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால், டூட்டி மாற்ற ஆள் அனுப்பு.

சிப்பாய்களில் பாதிப் பேர் பாகிஸ்தான் பக்கத்துப் பலூச்சிகள், மீதி அந்த மலைக்காரர்கள். சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. பூட்ஸைக் கழற்றி விரலிடுக்குப் புண்ணைப் பார்ப்பார்கள், டீ கேட்பார்கள், டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகுவார்கள். தூக்கம் ஒன்றுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

மாலைத் தொழுகை முடிந்த நேரம். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கம்பில் ஓரமாகக் கட்டியிருந்த கயிறு அசைந்தது.

இரண்டு இழுப்பு.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர்கூட எழவில்லை.

"பாய், ஆள் கேக்குறாங்க," என்றேன்.

"அது கீழ் அரண். அங்க ஆளே இல்ல தம்பி." சதக்கத்துல்லா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "முசல்லம்னு ஒரு மலைக்காரப் பய. போன மாசம் இப்படித்தான் ரெண்டு தடவ இழுத்தான். இங்க அத்தன பேரும் அசந்து தூங்கிட்டாங்க. விடிஞ்சு போய்ப் பாத்தா, குண்டு பட்டு உக்காந்தபடியே மவுத்தாயிட்டான்."

"கயித்த அவுத்துர வேண்டியதுதானே?"

"அவுத்தோம். காலையில பாத்தா திரும்பக் கட்டியிருக்கு. அன்னியிலேருந்து ஒருத்தன் கண்ண மூடல."

மறுபடியும் இரண்டு இழுப்பு. முகாமின் தலைவர் ஹவில்தார் தோஸ்த் முகமது எழுந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"டூட்டி மாத்தாம அவன் போக மாட்டான். நான் போறேன். ரெண்டு இழுத்தா ஆள் அனுப்புங்க பாய், மறந்துடாதீங்க," என்று இந்தியில் சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு வந்தது. நலம்.

அவ்வளவுதான். இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே சாய்ந்தார்கள். சதக்கத்துல்லாவும் குறட்டை விட்டார்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒருவன் வந்தான்.

தலை முதல் கால் வரை ஈரம். முகத்தை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. டீ கேட்கவில்லை. ஹவில்தாரின் பாயில் படுத்து, போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான்.

போர்வை மெல்லத் தரையோடு தரையாகத் தணிந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கத்த வாயெடுத்தேன். அதற்குள் கயிறு அசைந்தது.

இரண்டு இழுப்பு.

ஹவில்தார் ஆள் கேட்கிறார்! சதக்கத்துல்லாவை உலுக்கினேன். பக்கத்தில் கிடந்த சிப்பாயின் கன்னத்தில் அறைந்தேன். யாரும் அசையவில்லை. முசல்லம் செத்ததும் இப்படித்தானே! வெங்காயக் கத்தியை எடுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி நானே இறங்கினேன்.

ஹவில்தார் அரண் சுவரில் சாய்ந்து கிடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

"ஹவில்தார் சாப்! எந்திரிங்க, மேல போவோம்."

கண்ணைத் திறந்தார். "ஏன் வந்தே?"

"நீங்கதானே ரெண்டு தடவ இழுத்தீங்க?"

"நான் இழுக்கலையே."

அவர் கையில் கயிறு இல்லை. அது அவர் மடியைத் தாண்டி, சுவரைத் தாண்டி, எதிரிகள் இருக்கும் பள்ளத்துக்குள் போயிருந்தது. விறைப்பாக.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழுபட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

"அந்தப் பக்கமும் டூட்டி மாத்த யாரும் வரல போல," என்றார் ஹவில்தார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து, கயிற்றைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்.

"வேணாம் சாப்! கலாஸ், போதும்!" அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கயிற்றை அறுத்தேன். அறுந்த முனை, யாரோ நிதானமாகச் சுருட்டி எடுப்பதுபோலச் சுவரைத் தாண்டிப் போனது.

பிறகு பனிக்குள், கைக்கெட்டும் தூரத்தில், யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார்கள்.

ஹவில்தாருக்கும் கொட்டாவி வந்தது.

எனக்கும்.