தேரன்று தொண்ணூற்றாறு சதவீதம்

"இந்த கார்டு வேண்டாம்ங்க."

யோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். புது கம்ப்யூட்டரும் அதற்கொரு கிராஃபிக்ஸ் கார்டும் வாங்க வந்தவளிடம் விற்க மாட்டேன் என்கிற கடைக்காரனை இராஜபாளையத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். வெளியே ஆடிச் சாரல்... உள்ளே இவன். காதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு பெரிய மேதாவி மாதிரி ஒரு பார்வை!

"நான் பாத்து வச்சதுதான் அண்ணாச்சி. எடுத்துக் குடுங்க."

"அண்ணாச்சியா? எனக்கு இருபத்தெட்டுதான் ஆகுது. பாலகணேஷ்னு பேரு, வெளிய போர்டுலயே இருக்கு. கேம் ஆடவா வாங்குதீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பேண்டேஜ் கம்பெனில தரம் பாக்கேன். எனக்கெங்க கேமு? ஆராய்ச்சி பண்றவங்க பெரிய கணக்கத் துண்டு துண்டா வெட்டி, விருப்பப்பட்டவங்களுக்கு அனுப்புறாங்க. நம்ம கம்ப்யூட்டர் சும்மா கெடக்குற நேரத்துல ஒரு துண்டப் போட்டு முடிச்சுத் திருப்பி அனுப்பும். காசு கெடையாது. ஒரு ஒத்தாச."

"என்ன ஆராய்ச்சி?"

"நடுக்குவாதம்..." குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க அப்பாவுக்கு இருக்கு."

அவன் முகத்தில் இருந்த கேலி போன இடம் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சியின் இணையப் பக்கத்தைத் திறந்து, எந்தெந்த கார்டுக்கு வேலை தருவார்கள் என்கிற பட்டியலை வரி வரியாகப் படித்தான். இமைக்க மறந்த கண்கள்... அவன் பட்டியலைப் படிக்கிறான், நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்? சட்டென்று சாரலைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டது பாக்கத்தான் பெருசு. ரொம்பப் பழசு, இந்த சாஃப்ட்வேர் இப்ப அத ஏத்துக்கிடாது. கேம் ஓடும், வேலை வராது. இந்தச் சின்னத எடுத்துக்கோங்க. பட்டியல்ல இருக்கு, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்."

"விக்காம கெடக்குறத எந்தலையில கட்டுதீங்களோ?"

அவனுக்குச் சுருக்கென்றது. அவளுக்கான மெஷினில் கார்டை மாட்டி, முதல் துண்டை இறக்கியே காட்டினான். "பாத்துக்கோங்க. இந்தத் துண்டுக்கு அடுத்த திங்கக்கெழம சாயங்காலம் ஆறு மணி வரை கெடு. அதுக்குள்ள அனுப்பலைன்னா மெஷினத் திருப்பி எடுத்துக்கிட்டு, வெளிய இருக்க போர்டயும் கழட்டிருதேன்!"

"அதயும்தான் பாப்போமே."

ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் வீட்டுக் கூடத்தில், அந்த மெஷின் இரவும் பகலும் ஓடியது. முப்பது வருஷம் மில்லில் அறுந்த நூலை ஒட்டிய விரல்கள் நடுங்க, அப்பா முத்துராமலிங்கம் தினமும் காலையில் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு எம்புட்டும்மா?" பன்னிரண்டு சதவீதம்... நாற்பது... எழுபது. நோய் வந்த பிறகு அவர் எதற்குமே இப்படி ஆசையாகக் காத்திருந்ததில்லை. இந்தத் துண்டு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பாலகணேஷ் ஃபோன் செய்தான். "மெஷின் ரொம்பச் சூடாகுதா?"

"உங்க போர்டப் பத்திக் கவலையா?" என்று வெடுக்கென்று கேட்டு வைத்துவிட்டாள். வைத்த மறுநிமிடமே... சே, நல்ல விதமாகத்தானே கேட்டான்!

ஞாயிறு மாலை தெருவில் தோரணம் கட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாளை ஆடிப்பூரத் தேர்! தேர் நிலைக்கு வந்து சேரும்வரை இந்த வீதியில் கரண்ட் இருக்காது. பிறந்ததிலிருந்து பார்த்து வருவதை எப்படி மறந்தாள்? அவனைக் கேட்டால் வழி சொல்வான்... ஃபோனை எடுத்தாள். வைத்தாள். வெடுக்கென்று பேசிவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

திங்கள் காலை ஏழு மணி. தொண்ணூற்றாறு சதவீதத்தில் திரை அணைந்தது. அப்பா நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு கருத்த திரையையே பார்த்திருந்தார். அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏங்க... மெஷினக் கழட்டுங்க, சீக்கிரம்!"

வாசலில் பாலகணேஷ்! தேர்க் கூட்டத்தில் கசங்கிய சட்டை, மேல்மூச்சு கீழ்மூச்சு.

"பைக்க உள்ள விடல, பஸ் ஸ்டாண்டுல போட்டுட்டு ஓடி வாரேன். ஓடின வரைக்கும் உள்ள பத்திரமா இருக்கும், அழியாது. என் கடையில மாட்டுனா விட்ட எடத்துலருந்து ஓடும்."

"தம்பி, செத்த நேரம் உக்காருங்க, ஒரு காப்பி..." என்றார் அப்பா.

"அனுப்பிட்டுப் பொறவு குடிக்கேன்யா!"

பைக்கில் இருவருக்கும் நடுவே கம்ப்யூட்டர் பெட்டி. பாதி வழியில் சாரல் வலுத்தது. அவன் வண்டியை நிறுத்தி மழைக்கோட்டை எடுத்தான். தனக்குத்தான் என்று அவள் கை நீட்டினாள்... அவன் பெட்டிக்குப் போர்த்தினான்! தொப்பலாக நனைந்துகொண்டே யோகேஸ்வரி சிரித்தாள். அப்பாவின் நம்பிக்கைக்குக் குடை பிடிக்கிறவனைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

கடையில் மெஷின் மறுபடி ஓடியது. தொண்ணூற்றேழு... தொண்ணூற்றெட்டு... மத்தியானச் சாப்பாட்டை இருவரும் மறந்தார்கள். நாலே முக்காலுக்குத் திரையில் எழுத்து மாறியது. அனுப்பியாகிவிட்டது!

அவள் உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டாள். "அப்பா... போயிருச்சுப்பா!" மறுமுனையில் அப்பா சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று.

"போர்டு தப்பிச்சது," என்றான் பாலகணேஷ்.

"கரண்ட் போகும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஏழு நாளா காலையில எந்திரிச்சதும் மொத வேலை அதுதான். கரண்ட் கட் அறிவிப்புல, பில்லுல எழுதின உங்க தெருப் பேரு வருதான்னு பாக்கது. ஆரம்பத்துல போர்டுக்காகத்தான் பாத்தேன்... ரெண்டு நாள் கழிச்சு, நீங்க வருத்தப்படக் கூடாதேன்னு பாத்தேன்."

அவள் கன்னம் சூடானது. ஆனால் இந்தத் தடவை சாரலைப் பார்க்கவில்லை, அவன் கண்களையே பார்த்தாள்.

"எனக்கு நேத்தே தெரியும். ஃபோன் பண்ண வீம்பு விடல. ஆனா... நீங்க வந்துருவீங்கன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு."

பாலகணேஷ் ஸ்க்ரூடிரைவரைத் தேடினான், அது காதிலேயே இருந்தது.

"நாளைக்கு மெஷினக் கொண்டாந்து வைக்கணும்... வாரேன். காப்பி பாக்கி இருக்கே. தனியா வரலாம்ல..."

யோகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பிறகு நின்று திரும்பினாள்.

"மெஷினுக்குன்னா தனியா வாங்க. எனக்குன்னா உங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் அவன் ஃபோனில் இருந்தான். "யம்மா... நாளைக்கு நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வைங்க."